யாரும் நீக்காத சட்டப்பிரிவு

1915ஆம் ஆண்டு டேவிட் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் கிளைனும் எம்மி நோத்தரை ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்கு வரவழைத்தார்கள். ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டில் ஆற்றல் அழிவின்மை விதி எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று அந்த இரண்டு கணித மேதைகளுக்கும் பிடிபடவில்லை. நோத்தர் வந்தார், கண்டுபிடித்தார். 1918இல் வெளியான அவருடைய தேற்றம் இன்றைய இயற்பியலின் அடித்தளங்களில் ஒன்று. இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றேதான் என்றால், ஆற்றல் அழியாது. இங்கேயும் அங்கேயும் ஒன்றேதான் என்றால், உந்தம் அழியாது. ஒவ்வொரு சமச்சீருக்கும் பின்னால் அழியாத ஏதோ ஒன்று இருக்கிறது. துகள் இயற்பியலாளர்கள் இன்றும் புதிய கோட்பாடு ஒன்றை எழுத உட்கார்ந்தால் முதலில் தேடுவது சமச்சீரைத்தான்.

இப்படிப்பட்டவருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமை இல்லை. முனைவர் பட்டத்துக்கு மேல் இன்னொரு தகுதியைப் பெற்றால்தான் அங்கே விரிவுரையாளராக முடியும். பெண்களுக்கு அந்தத் தகுதியைக் கொடுப்பதில்லை. கணிதக்காரர்கள் ஆதரித்தார்கள், மொழியியலும் வரலாறும் கற்பித்தவர்கள் எதிர்த்தார்கள். போர்க்களத்திலிருந்து திரும்பி வரும் நம் பிள்ளைகள் ஒரு பெண்ணின் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்பதா என்பது அவர்களுடைய கவலை. இது பல்கலைக்கழகம்தானே, குளியல் கூடம் இல்லையே என்று ஹில்பர்ட் சீறியதாக ஒரு கதை உண்டு. சீறினாரோ இல்லையோ, குறுக்குவழி ஒன்று கண்டுபிடித்தார். பாட அட்டவணையில் ஹில்பர்ட்டின் பெயர் இருக்கும், வகுப்பெடுப்பது நோத்தராக இருக்கும். அறிவியல் கழகத்தில் தன் தேற்றத்தைத் தானே வாசிக்கவும் அவருக்கு வழியில்லை. அவர் உறுப்பினர் இல்லை என்பதால் கிளைன்தான் முன்வைத்தார்.

1918 நவம்பரில் ஜெர்மானியப் பேரரசர் நாட்டைவிட்டு ஓடினார். குடியரசு பிறந்தது. 1919 ஜனவரியில் ஜெர்மன் பெண்கள் முதன்முறையாகத் தேசியத் தேர்தலில் வாக்களித்தார்கள். அதே ஆண்டு ஜூனில் நோத்தருக்கு விரிவுரையாளர் தகுதி கிடைத்துவிட்டது. ஹில்பர்ட் முன்பு எவ்வளவு முட்டியும் திறக்காத கதவு அது. பேராசிரியர்கள் பெரும்பாலும் பழையவர்களே. கணிதமும் அதே கணிதம்தான். மாறியது அரசு. (சம்பளம் மட்டும் உடனே வரவில்லை. சொற்பமான ஊதியம் ஒன்றுக்கே அவர் 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடியரசானாலும் கருவூலம் கருவூலம்தான்.)

1919 ஆகஸ்டில் அந்தக் குடியரசின் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 142ஆம் பிரிவு கலைக்கும் அறிவியலுக்கும் அவற்றைக் கற்பிப்பதற்கும் சுதந்திரம் உண்டு என்றது, அவற்றைக் காக்கும் பொறுப்பை அரசிடம் கொடுத்தது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்த பதினான்கு ஆண்டுகளில் கோட்டிங்கன் உலக இயற்பியலின் தலைநகராக இருந்தது என்று சொன்னால் கோபன்ஹேகன்காரர்கள் மட்டும் சண்டைக்கு வரக்கூடும். மாக்ஸ் போர்ன் கோட்பாட்டுக்கு, ஜேம்ஸ் ஃபிராங்க் சோதனைக்கு, ரிச்சர்ட் கூரன்ட்டும் நோத்தரும் எட்மண்ட் லாண்டாவும் கணிதத்துக்கு. போர்னின் உதவியாளராக இருந்த ஹைசன்பர்க் 1925இல் குவாண்டம் இயக்கவியலின் முதல் கட்டுரையை எழுதினார். தான் எழுதியிருப்பது அணிகளின் பெருக்கல் என்பதே அவருக்குத் தெரியவில்லை, போர்ன்தான் கண்டுகொண்டார். அமெரிக்காவிலிருந்து வந்த ஓப்பன்ஹைமர் போர்னிடம் 1927இல் முனைவர் பட்டம் வாங்கினார். கருத்தரங்கில் யார் பேசினாலும், போர்னே பேசினாலும், இடைமறித்துக் கரும்பலகைக்கு எழுந்துபோய் இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று காட்டுவது ஓப்பன்ஹைமரின் வழக்கம். பொறுக்க முடியாமல் சக மாணவர்கள் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தார்கள். அதைப் போர்னிடம் கொடுத்தவர் மரியா கோப்பர்ட், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர். ஓப்பன்ஹைமரிடம் நேரில் சொல்லப் போர்னுக்குத் துணிச்சல் இல்லை. மனுவை மேசைமேல் விட்டுவிட்டு, அவர் தனியாக இருக்கும்போது கண்ணில் படட்டும் என்று அறையைவிட்டு வெளியே போய்விட்டார்.

இதை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. பேராசிரியரின் பேச்சை மாணவன் வெட்டலாம், அப்படி வெட்டும் மாணவனைப் பற்றி மற்ற மாணவர்கள் புகார் செய்யலாம், யாருடைய படிப்பும் வேலையும் அதனால் போகாது. அறிவியல் நடப்பதற்கு வேண்டிய கருவிகளில் இது வெற்றிடக் குழாயைவிட முக்கியமானது. ஏன் என்பதற்குப் போர்னே ஒரு சான்று விட்டுப்போயிருக்கிறார். 1926இல் துகள் மோதல்கள் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு துகள் எந்தத் திசையில் சிதறும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது, அலைச்சார்பு அதற்கான நிகழ்தகவை மட்டுமே தரும் என்றார். இருபதாம் நூற்றாண்டின் மிகத் துணிச்சலான கூற்றுகளில் அது ஒன்று. ஆனால் கட்டுரையின் உடற்பகுதியில் சூத்திரம் தவறு. அச்சுப்படியைத் திருத்தும்போது அடிக்குறிப்பாக ஒரு வரி சேர்த்தார்: நுணுக்கமாகப் பார்த்தால் நிகழ்தகவு அலைச்சார்பின் வர்க்கத்துக்கே விகிதமானது. 1954இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்குக் காரணமான விதி அச்சில் முதலில் தலைகாட்டியது அந்த அடிக்குறிப்பில்தான். ஐன்ஸ்டைன் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. இருவரும் பல ஆண்டுகள் கடிதங்களில் சண்டை போட்டார்கள், நட்பு கெடவில்லை.

புத்திசாலிகள் எல்லா ஆட்சியிலும் பிறக்கிறார்கள். பணம் எல்லா ஆட்சியிலும் கிடைக்கலாம். ஒருவர் தவறைத் தானும் திருத்திக்கொள்ள, பிறரும் திருத்த, பெரியவர் என்று பாராமல் மறுக்க, மறுத்தபின் மறுநாள் காலை வேலைக்கு வர ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைப் பல்கலைக்கழகம் தன் மதிலுக்குள் தானே கட்டிக்கொள்ள முடியும் என்று ஜெர்மன் பேராசிரியர்கள் நம்பினார்கள். அரசியல் அழுக்கு, அறிவியல் தூய்மை, அந்த அழுக்கை இங்கே கொண்டுவராதீர்கள் என்பது அவர்களுடைய பெருமை. அவர்களில் பலருக்குக் குடியரசைப் பிடிக்காது. மாணவர்கள் இன்னும் முன்னே போய்விட்டிருந்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, 1931 ஜூலையில், ஜெர்மன் மாணவர் பேரவையின் தலைமை நாஜி மாணவர்களின் கைக்குப் போனது.

1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் ஓர் அவசர ஆணை வெளியாயிற்று. தனிமனித விடுதலை, பேச்சு, பத்திரிகை, கூட்டம், சங்கம், அஞ்சல் ரகசியம், வீடு, சொத்து ஆகியவற்றைக் காத்த அரசியல் சட்டப் பிரிவுகளை அது வரிசையாக எண் போட்டு நிறுத்திவைத்தது: 114, 115, 117, 118, 123, 124, 153. இந்தப் பட்டியலை முதன்முதலில் பார்த்தபோது நான் 142ஐத் தேடினேன். இல்லை. அறிவியலின் சுதந்திரத்தை அந்த ஆணை தொடவே இல்லை. தொட வேண்டிய தேவை இருக்கவில்லை. பத்திரிகை எழுத முடியாது, கூட்டம் போட முடியாது, கைதானவருக்காக வழக்காட முடியாது என்றான பிறகு 142 என்ற எண்ணைத் தாங்கிப் பிடிக்க எதுவும் மிஞ்சவில்லை. அது புத்தகத்தில் இருந்தது. ஆறு வாரத்துக்குள் செத்துப்போயிற்று.

ஏப்ரல் 7 அன்று வந்த சட்டத்தின் பெயர் தொழில்முறை அரசுப் பணியை மீட்டெடுக்கும் சட்டம். ஜெர்மனியில் பேராசிரியர்கள் அரசு ஊழியர்கள். எனவே பல்கலைக்கழகத்தைத் தனியாகத் தாக்க வேண்டியதில்லை, ஊழியர் விதியைத் திருத்தினால் போதும். யூதர்கள் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுவார்கள். 1914 ஆகஸ்டுக்கு முன்பே பணியில் இருந்தவர்களுக்கும் உலகப்போரில் முன்னணியில் நின்றவர்களுக்கும் விலக்கு, அதுவும் முதிய குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் கேட்டுக்கொண்டதால்.

ஃபிராங்க் போரில் இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியவர், 1925க்கான நோபல் பரிசாளர். விலக்கு அவருக்குப் பொருந்தும். ஏப்ரல் 17 அன்று அவர் பதவி விலகினார். காரணத்தைச் செய்தித்தாளுக்கும் கொடுத்தார்: யூத வம்சத்து ஜெர்மானியர்கள் அந்நியராகவும் தாய்நாட்டின் பகைவராகவும் நடத்தப்படும்போது எனக்கு மட்டும் சலுகை வேண்டாம். ஒருவர் எழுந்து நின்றார். அடுத்து என்ன நடந்தது? கோட்டிங்கனின் ஆசிரியர்கள் 42 பேர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஃபிராங்கின் செயல் நாசவேலைக்குச் சமம், வெளிநாட்டுப் பிரசாரத்துக்குத் துணைபோவது என்றது அது. அரசு தூய்மைப்படுத்தும் நடவடிக்கைகளை விரைவுபடுத்தும் என்றும் நம்பிக்கை தெரிவித்தது. விரைவுபடுத்தியது. ஒரே நாளில் ஆறு பேராசிரியர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். தன் பெயர் பட்டியலில் இருப்பதைப் போர்ன் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார். கூரன்ட், நோத்தர் பெயர்களும் அதில் இருந்தன. குடியரசு கதவைத் திறந்துவிட, உள்ளே வந்தவர் நோத்தர். குடியரசு போனதும் அவரும் போக வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ஒரு மகளிர் கல்லூரிக்குச் சென்றார், இரண்டு ஆண்டுக்குள் இறந்தார்.

எட்மண்ட் லாண்டாவுக்கு விலக்கு செல்லுபடியானது. 1909 முதல் பேராசிரியர். நவம்பர் 2 அன்று நுண்கணித வகுப்பெடுக்கப் போனார். அரங்கின் வாசலில் மாணவர்கள் கூட்டமாக நின்று யாரையும் உள்ளே விடவில்லை. ஒரு யூதர் தங்களுக்கு அடிப்படைக் கணிதம் சொல்லித்தரக் கூடாது என்பது அவர்களின் கோரிக்கை. அறைக்குத் திரும்பிய லாண்டாவிடம் வந்து விளக்கம் சொன்னவன் இருபது வயது மாணவன் ஆஸ்வால்ட் டைக்முல்லர். அவனை உதவாக்கரை என்று தள்ளிவிட முடியாது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் தொண்டையில் சிக்கும் இடம். அபூர்வமான திறமைசாலி. டைக்முல்லர் வெளி என்பது இன்றும் கணிதத்தில் உயிருள்ள துறை. முப்பது வயதில் கிழக்குப் போர்முனையில் செத்தான். லாண்டாவை வேலையை விட்டுப் போகச் சொல்லி அமைச்சகம் உத்தரவு போட வேண்டிய அவசியமே எழவில்லை.

இந்தக் கோட்டிங்கனுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1837இல் ஹனோவரின் புதிய மன்னர் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட், முன்னவர் தந்த அரசியல் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தார். பேராசிரியர்கள் ஏழு பேர் எழுதிக் கொடுத்தார்கள்: அந்தச் சட்டத்தின்மீது நாங்கள் சத்தியம் செய்திருக்கிறோம், அதை மாற்றிக்கொள்ள மாட்டோம். தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்கள் இருவரும் அதில் உண்டு. இயற்பியலாளர் வில்ஹெல்ம் வெபர் உண்டு. ஏழு பேருக்கும் வேலை போயிற்று, மூன்று பேர் நாடு கடத்தப்பட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் மிகப்பெரிய மனிதர் கணித மேதை காஸ். அவர் கையெழுத்திடவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் அவரும் வெபரும் ஊரின் கூரைகளுக்கு மேலாக ஒரு கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து மின்தந்தி அனுப்பியிருந்தார்கள். ஏழு பேரில் இன்னொருவர் எவால்ட், காஸின் மருமகன். பேசாமல் இருந்ததற்குக் காஸ் கொடுத்த விலை அன்றாடம் கூட வேலை செய்த நண்பரும் மகளின் குடும்பமும். அந்த ஏழு பேரில் நான்கு பேர் 1848இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடிய முதல் ஜெர்மன் தேசிய சபைக்கு உறுப்பினர்களாகப் போனார்கள். அறிவியலும் அதைக் கற்பித்தலும் சுதந்திரமானவை என்ற வரி, அந்தச் சபை எழுதிய சட்டத்தில் இடம்பெற்றது. 142ஆம் பிரிவுக்குப் பாட்டன் அதுதான். கல்விச் சுதந்திரம் என்ற சொல் அரசியல் சட்டத்துக்குள் வந்ததற்குப் பின்னால், ஒரு மன்னனின் அத்துமீறலை எதிர்த்து வேலையிழந்த வாத்தியார்கள் இருந்தார்கள். 1933இல் அதே ஊர் வாத்தியார்கள் 42 பேர் எந்தப் பக்கம் கையெழுத்திட்டார்கள் என்று பார்த்தோம்.

வேலையிழந்தவர்களில் பலருக்கு லண்டனில் 1933 மே மாதம் தொடங்கிய ஓர் உதவிக் குழு கைகொடுத்தது. ரூதர்ஃபோர்ட் அதன் தலைவர். போர்ன் முதலில் கேம்பிரிட்ஜுக்குப் போனார், நிரந்தர வேலை இல்லை. 1935இல் பெங்களூரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக அப்போது இருந்தவர் திருவானைக்காவில் பிறந்த சி. வி. ராமன். போர்னும் மனைவியும் ஆறு மாதம் பெங்களூரில் இருந்தார்கள், ஊர் பிடித்துப்போயிற்று. அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் இடம் ஒன்றை உருவாக்க ராமன் முயன்றார். ஆசிரியர் கூட்டத்தில் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டாந்தர அந்நியர் நமக்கு எதற்கு என்று போர்னின் முகத்துக்கு நேராகவே பேசினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அழுதேன் என்று போர்ன் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அந்த இடம் அமையவில்லை, 1936இல் அவர் எடின்பரோவுக்குப் போனார். ராமனும் அடுத்த ஆண்டு இயக்குநர் பதவியிலிருந்து இறங்க நேர்ந்தது. இந்தியா அன்று காலனி. அரசு மாறாமல் அங்கே ஒரு துறையைக்கூடத் தன் விருப்பப்படி அமைக்க முடியாது என்று ராமன் அப்போது நினைத்திருந்தால் வியப்பில்லை.

இதற்கு ஒரு பின்கதை இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1940களில் ராமனும் போர்னும் நேரெதிராக மோதிக்கொண்டார்கள். படிகத்தில் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பது பற்றிய போர்னின் கோட்பாடு அடிப்படையிலேயே பிழை என்றார் ராமன். ஆய்விதழ்களில் கடுமையான கட்டுரைகள் பறந்தன. அடைக்கலம் தர முயன்றவருக்கு நன்றி காட்டவேண்டும் என்று போர்ன் பின்வாங்கவில்லை. போர்ன் சொன்னதே சரி என்று பின்னர் ஏற்கப்பட்டது. ராமன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. யாரும் யாரையும் கைது செய்யவில்லை.

ஜெர்மனியில் மிச்சமிருந்த இயற்பியல் என்ன ஆயிற்று? லேனார்ட், ஸ்டார்க் என்ற இரண்டு நோபல் பரிசாளர்கள் ‘ஜெர்மானிய இயற்பியல்’ என்று ஒன்றைக் கிளப்பினார்கள். சார்பியல் யூதச் சூழ்ச்சி என்பது அதன் சாரம். யூதர் அல்லாத ஹைசன்பர்க்கையே 1937இல் நாஜிகளின் எஸ்எஸ் அமைப்பின் பத்திரிகை ‘வெள்ளை யூதர்’ என்று வசைபாடியது. சோமர்ஃபெல்ட் தன் முனிக் பேராசிரியர் இருக்கைக்கு ஹைசன்பர்க் வரவேண்டும் என்று விரும்பினார். 1939இல் அங்கே உட்கார்ந்தவர் நவீன இயற்பியலைப் பகைத்த, விசையியல் பின்னணி கொண்ட ஒருவர். ஃபேபியன் வால்டிங்கர் என்ற பொருளியலாளர் பிற்காலத்தில் ஜெர்மன், ஆஸ்திரியப் பல்கலைக்கழகத் துறைகளின் ஆய்வு வெளியீடுகளை எண்ணிப் பார்த்தார். போரில் குண்டுவீச்சால் கட்டடம் இழந்த துறைகள் 1960களின் தொடக்கத்துக்குள் நிமிர்ந்துவிட்டன. 1933 முதல் ஆள் இழந்த துறைகளோ, அவர் கணக்கு முடியும் 1980 வரையிலும் பின்தங்கியே இருந்தன. இடிந்த ஆய்வகத்தை இரண்டு ஐந்தாண்டுத் திட்டங்களில் கட்டிவிடலாம். நோத்தரிடம் படித்திருக்க வேண்டிய மாணவரின் மாணவரை எந்தத் திட்டத்தில் கட்டுவது?

இங்கே ஒரு வாசகர் கை தூக்குவார், தூக்க வேண்டும். சோவியத் ஒன்றியம் ஜனநாயகமா? ஸ்புட்னிக்கை முதலில் ஏவியது யார்? இன்றைய சீனா ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் அமெரிக்காவையே முந்திவிட்டதே? நியாயமான கேள்வி. ஜனநாயகம் இல்லாவிட்டால் அறிவியலே இல்லை என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். குதிக்காமல் பார்ப்போம்.

1948 ஆகஸ்டு, மாஸ்கோ. சோவியத் வேளாண் அறிவியல் கழகத்தின் கூட்டம். அதன் தலைவர் ட்ரோஃபிம் லைசென்கோ, மரபணு என்பது முதலாளித்துவக் கற்பனை, பயிரின் மரபைச் சூழலால் மாற்றலாம் என்று அறிக்கை வாசித்தார். ஸ்டாலின் அந்த அறிக்கையைத் தன் கையாலேயே திருத்திக் கொடுத்திருந்தார் என்பது ஆவணக் காப்பகங்கள் திறந்தபின் தெரியவந்தது. போரில் ஒரு கண்ணை இழந்த மரபியலாளர் இயோசிப் ராப்போபோர்ட் எழுந்து மரபணு உண்மை என்று வாதாடினார். கடைசி நாள் லைசென்கோ, என் அறிக்கையைக் கட்சியின் மத்தியக் குழு படித்து ஒப்புதல் தந்துவிட்டது என்றார். விவாதம் முடிந்தது. மறுத்துப் பேசிய சிலர் அங்கேயே எழுந்து மனம் மாறிவிட்டதாகச் சொன்னார்கள். ராப்போபோர்ட் சொல்லவில்லை. கட்சியும் வேலையும் போய், பல ஆண்டுகள் நிலவியல் பயணக் குழுக்களோடு அலைந்தார். அவருக்கு முன்பே அவரைவிடப் பெரியவர் ஒருவர் போய்விட்டிருந்தார். உலகம் முழுவதும் சுற்றிப் பயிர் விதைகளைச் சேகரித்த நிக்கொலாய் வவிலோவ் 1940இல் விதை தேடிப் போன இடத்தில் கைதாகி, 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் இறந்தார். பஞ்சத்தை ஒழிக்க வேண்டும் என்று வாழ்ந்தவர். சிறையில் பட்டினியும் நோயும் அவரைத் தின்றன. அவருடைய தம்பி செர்கேய் இயற்பியலாளர். 1945இல் அவரை சோவியத் அறிவியல் கழகத்தின் தலைவராக்கினார்கள். அண்ணனைக் கொன்ற அரசு தம்பியை அரியணையில் உட்காரவைத்தது.

இயற்பியலுக்கும் அதே சுத்திகரிப்பு வரவிருந்தது. சார்பியலும் குவாண்டமும் ‘கருத்துமுதல்வாதம்’ என்று கண்டிக்க 1949 மார்ச்சில் ஒரு மாநாடு ஏற்பாடாகியிருந்தது. கடைசி நேரத்தில் ரத்து. அணுகுண்டுத் திட்டத்தின் விஞ்ஞானி குர்ச்சாதோவ், இந்தக் கோட்பாடுகளை ஒதுக்கினால் குண்டையும் ஒதுக்க வேண்டியிருக்கும் என்று அத்திட்டத்தை மேற்பார்த்த பேரியாவிடம் சொன்னதே காரணம் என்பார்கள். குண்டு ஆகஸ்டில் வெடித்தது. ஆக, வாசகரின் கேள்விக்கு விடை இந்த இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே கிடக்கிறது. தனக்கு என்ன வேண்டும் என்று சர்வாதிகாரிக்குத் தெரிந்திருந்தால், அதைச் செய்து தரும் அறிவியலை அவர் வளர்ப்பார், பணத்தைக் கொட்டி வளர்ப்பார். குண்டு வெடிக்கிறதா இல்லையா என்பதில் பொய் சொல்ல முடியாது, அதனால் அங்கே இயற்பியலாளரின் பேச்சு எடுபடும். கோதுமை விளைச்சல் அப்படியில்லை. அது ஆயிரம் பண்ணைகளிலிருந்து காகிதத்தில் வருகிறது, அந்தக் காகிதத்தை நிரப்புகிறவனுக்கும் உயிர் பயம் இருக்கிறது.

2019 டிசம்பர் கடைசியில் வூஹான் கண் மருத்துவர் லி வென்லியாங் தன்னோடு படித்த மருத்துவர்களின் குழுவில் ஒரு புதிய நோய் பற்றி எச்சரித்தார். ஜனவரி 3 அன்று காவல் நிலையத்தில், பொய்ச் செய்தி பரப்பினேன் என்ற கண்டனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பிப்ரவரி 7 அன்று அதே நோயில் இறந்தார். மார்ச்சில் அந்தக் கண்டனத்தை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டு குடும்பத்திடம் வருத்தம் தெரிவித்தது. அந்த நாட்டில் ஆய்வகங்களுக்கோ அறிவாளிகளுக்கோ பஞ்சமில்லை. யாரும் கேட்காத ஒன்றைச் சொல்ல வந்தவருக்குத்தான் இடமில்லை.

ஜனநாயக நாடுகள் யோக்கியமா என்றால், இல்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1949இல் தன் ஆசிரியர்கள் எல்லாரும் கம்யூனிஸ்ட் அல்ல என்று உறுதிமொழி எழுதித்தர வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு மறுத்த 31 பேரை வெளியே அனுப்பியது. அவர்களில் கம்யூனிஸ்ட் என்று யார்மீதும் குற்றம் சாட்டப்படவே இல்லை, கையெழுத்திடாததுதான் குற்றம். தலைமை தாங்கியவர் எலிகளின் கற்றலை ஆராய்ந்த உளவியலாளர் எட்வர்ட் டோல்மன். வழக்குப் போட்டார்கள். 1952 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னது. தீர்ப்பைப் படித்தால் கல்விச் சுதந்திரம் பற்றிய உயர்ந்த பேச்சு ஒன்றும் அதில் பெரிதாக இல்லை. அரசு ஊழியர் உறுதிமொழி பற்றி மாநிலச் சட்டமே ஏற்கெனவே விதி வகுத்திருக்கிறது, பல்கலைக்கழகம் தனியாக ஒன்றைச் சேர்க்க முடியாது என்ற வறட்டுச் சட்டவாதம். அந்த வறட்டு வாதம் போதுமானதாக இருந்தது. அரசு சொல்வதற்கு மாறாகத் தீர்ப்பெழுதும் ஒரு நீதிமன்றம், வழக்கை எழுதும் ஒரு பத்திரிகை, வேலையிழந்தவர்களுக்காகச் சம்பளத்திலிருந்து பணம் சேர்த்த சக ஆசிரியர்கள். 1933 ஏப்ரலில் கோட்டிங்கனில் இந்த மூன்றில் ஒன்றுகூட எஞ்சியிருக்கவில்லை. இரண்டு ஊர்களிலும் பேராசிரியர்களின் துணிச்சலில் வித்தியாசம் பெரிதாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. கலிஃபோர்னியாவிலும் மிகப் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டார்கள்.

போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி 1949இல் புதிய அரசியல் சட்டம் எழுதியபோது அறிவியலின் சுதந்திரம் 142ஆம் இடத்திலிருந்து 5ஆம் இடத்துக்கு ஏறியது. பேச்சுச் சுதந்திரமும் பத்திரிகைச் சுதந்திரமும் இருக்கும் அதே பிரிவில், மூன்றாவது பத்தியாக வைத்தார்கள். எழுதியவர்கள் 1933இன் பட்டியலை மனதில் வைத்துத்தான் இப்படிச் செய்தார்களா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை நிறுத்திவைக்காமல் மற்றதை நிறுத்திவைப்பது இனி கடினம்.

அது தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1957 ஏப்ரல் 5 அன்று பிரதமர் அடெனாவர், சிறிய அணு ஆயுதங்கள் பீரங்கியின் அடுத்த கட்ட வளர்ச்சிதான், நம் ராணுவத்துக்கும் அவை வேண்டும் என்ற பொருளில் பேசினார். ஒரு வாரத்தில் பதினெட்டு அணு விஞ்ஞானிகள் பெயர் போட்டு அறிக்கை விட்டார்கள். அந்தச் சிறிய குண்டு ஒவ்வொன்றும் ஹிரோஷிமாவை அழித்த குண்டின் அளவுக்குச் சேதம் செய்யும் என்றார்கள். அணு ஆயுதங்களைச் செய்யவோ சோதிக்கவோ பயன்படுத்தவோ எங்களில் யாரும் எந்த வகையிலும் துணைபோக மாட்டோம் என்றும் எழுதினார்கள். ஓட்டோ ஹான், மாக்ஸ் ஃபான் லாவே, ஹைசன்பர்க், ஓய்வுக்காக ஜெர்மனிக்குத் திரும்பியிருந்த போர்ன் என்று நான்கு நோபல் பரிசாளர்கள் அதில் இருந்தார்கள். 1837இன் ஏழு பேரை மனதில் வைத்து நாடு அவர்களைக் கோட்டிங்கன் பதினெட்டுப் பேர் என்று அழைத்தது. அடெனாவருக்குக் கோபம். இந்தப் பெரிய மனிதர்களுக்கு ராணுவ விஷயம் தெரியாது, என்னிடம் வந்து கேட்டிருக்கலாமே என்று வெளிப்படையாகச் சொன்னார். பத்திரிகைகள் இரண்டு பக்கத்தையும் அச்சிட்டன. ஏப்ரல் 17 அன்று அவர்களில் சிலரைத் தன் அலுவலகத்துக்கு அழைத்து மணிக்கணக்காகப் பேசினார், ராணுவத் தளபதிகளும் உடன் இருந்தார்கள். மேற்கு ஜெர்மனி சொந்தமாக அணுகுண்டு செய்யவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. செப்டம்பரில் தேர்தல் வந்தது. அடெனாவரின் கூட்டணி வாக்குகளில் பாதிக்கும் மேல் வாங்கி வென்றது. பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும் வேலை போகவில்லை.